‘கிளைமாக்ஸ்’ என்றால் ஏணி! தெரியுமா உங்களுக்கு?

“படம் ஓகே, கிளைமாக்ஸ்தான் சொதப்பல்.” “நேத்து எபிசோட் பார்த்தியா?” “டிரெய்லர் எப்போ? ஆல்பம் எப்போ?” காலையில் டீக்கடையில் ஆரம்பித்து ராத்திரி படுக்கப்போகும்வரை இந்தச் சொற்கள் இல்லாமல் நமக்குப் பேச்சு ஓடாது. ஒரு புத்தகத்தின், பாட்டின், நாடகத்தின், படத்தின் உறுப்புகளுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள் இவை. யாரோ பேராசிரியர்கள் கூடி உட்கார்ந்து சூட்டியவை என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! ஏர் உழுதவர், தறி நெய்தவர், அச்சுக் கோத்தவர், சாயம் குழைத்தவர் என்று உழைத்த கைகளின் ரேகை பதிந்த பெயர்கள்தான் இவற்றில் ஏராளம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போமா?

சாப்டரும் செஃப்பும் சொந்தக்காரர்கள்!

லத்தீன் மொழியில் ‘காபுட்’ என்றால் தலை. ‘கபிடுலும்’ என்றால் குட்டித் தலை. அந்தக் குட்டித் தலைதான் வளர்ந்து ‘சாப்டர்’ ஆனது. அணிக்குத் தலைவர் கேப்டன், நாட்டின் தலைநகர் கேபிடல், ஹோட்டல் அடுப்படிக்குத் தலைவர் செஃப்... எல்லோரும் அதே தலையின் வாரிசுகள்!

பைபிளில் இத்தனையாவது அதிகாரம், இத்தனையாவது வசனம் என்று இன்று நொடியில் எடுத்துவிடுகிறோம். ஆனால், அதை எழுதியவர்கள் போட்ட எண்கள் அல்ல அவை. இன்றைய அதிகாரப் பிரிப்பு ஸ்டீபன் லாங்டனின் வேலை என்கிறார்கள். 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பிறகு கான்டர்பரி பேராயரானார். 1215-ல் இங்கிலாந்து மன்னர் ஜானை மாக்னா கார்ட்டா சாசனத்துக்குச் சம்மதிக்க வைத்ததில் பெரும்பங்கு வகித்தவரும் இதே மனிதர்தான்!

வசன எண்கள் வருவதற்கு இன்னும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது. ரொபேர் எத்தியென் என்ற பிரெஞ்சு அச்சக உரிமையாளர் 1551-ல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அவற்றைச் சேர்த்தார். பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையில் பயணம் போனபோது அப்பா இந்த வேலையைச் செய்தார் என்று மகன் எழுதிவைத்தார். விடுவார்களா? குதிரை குலுங்கிய இடத்தில் எல்லாம் பேனா கோடு போட்டுவிட்டது, அதனால்தான் சில வசனங்கள் அரைகுறையாக முடிகின்றன என்று கிண்டல் கிளம்பி, இன்றுவரை ஓயவில்லை!

மினி பஸ்ஸுக்குள் சிவப்புச் சாயம்!

அந்தக் காலத்து ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் உடல் பகுதி கறுப்பு மையில் இருக்கும். தலைப்பு சிவப்பில் இருக்கும். சிவப்புக்கு லத்தீனில் ‘ரூபர்’. அதிலிருந்து தலைப்புக்கு ‘ரூப்ரிக்’ என்று பெயர் வந்தது. புனிதர்களின் திருநாட்களையும் நாள்காட்டியில் சிவப்பிலேயே எழுதினார்கள். இன்று நம் வீட்டு காலண்டரில் விடுமுறை நாள் சிவப்பில் இருக்கிறதே, அதே மரபு!

இதைவிட வேடிக்கை, ‘மினியேச்சர்’. ஈயத்திலிருந்து எடுக்கும் ஒரு சிவப்புச் சாயத்துக்கு ‘மினியம்’ என்று பெயர். அதைக் குழைத்துச் சுவடியை அலங்கரிப்பது ‘மினியாரே’. அப்படி வரைந்த சுவடிப் படம்தான் மினியேச்சர். அதாவது, அந்தச் சொல்லுக்கும் அளவுக்கும் முதலில் சம்பந்தமே கிடையாது! சுவடிப் பக்கத்துக்குள் அடங்க வேண்டிய படம் என்பதால் சின்னதாக இருந்தது. பார்த்தவர்கள் மினியேச்சர் என்றாலே சின்னது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் தலையை மட்டும் கிள்ளி எடுத்து ‘மினி’ ஆக்கினார்கள். நம்மூர் மினி பஸ், மினி டிபன், மினி லாரி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது சுவடி ஓவியரின் தூரிகைச் சிவப்பு!

இன்டெக்ஸ் என்றால் விரல்!

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் ‘இன்டெக்ஸ்’, லத்தீனில் ஆட்காட்டி விரலின் பெயர். விஷயம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டுகிறதல்லவா! பழைய வாசகர்கள் முக்கியமான வரிக்கு எதிரே, ஓரத்தில், விரல் நீட்டிய ஒரு கையைப் படமாகவே வரைந்துவைப்பார்கள். ஹைலைட்டர் பேனாவின் கொள்ளுப்பாட்டன்!

‘வால்யூம்’? அது சுருள். எகிப்து நாணல் தாளைச் சுருட்டிவைத்த காலத்தின் பெயர், பைண்டு செய்த புத்தகத்துக்கும் அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ‘அப்பர் கேஸ்’, சின்ன எழுத்துக்கு ‘லோயர் கேஸ்’ என்கிறோமே, கேஸ் என்றால் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைப் பிரித்துப்போட்ட மரப்பெட்டி. அச்சுக்கோப்பவரின் எதிரே மேல்தட்டில் ஒரு பெட்டி, கீழ்த்தட்டில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் ரகசியம்!

ஐரோப்பாவில் முதல் தேதி போட்ட புத்தகம்... அதிலேயே அச்சுப்பிழை!

இந்தப் புத்தகத்தை யார், எங்கே, எப்போது உருவாக்கினார்கள் என்று கடைசியில் ஒரு குறிப்பு வருமே, அதற்கு ‘காலஃபன்’ என்று பெயர். கிரேக்கத்தில் சிகரம் என்று பொருள். வேலையை முடித்து உச்சிக்கு வந்துவிட்டேன் என்று தொழிலாளி மூச்சுவிடும் இடம்!

தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் உலகின் மிகப் பழைய அச்சுப் புத்தகம் எதுவென்று தெரியுமா? சீனாவின் ‘வைர சூத்திரம்’. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட, சுமார் 5 மீட்டர் நீளச் சுருள். தொடக்கத்தில் புத்தர் உபதேசிக்கும் முழுப் படம் இருக்கிறது. அப்படி நூலின் முகப்பில் வரும் படத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிரான்டிஸ்பீஸ்’. முடிவில் காலஃபன் இருக்கிறது. இன்றைய கணக்கில் கி.பி. 868 மே 11 என்ற தேதி. வாங் ஜியே என்பவர் தன் பெற்றோருக்காக, எல்லோருக்கும் இலவசமாக வழங்கச் செய்தது என்ற செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அப்பா அம்மாவுக்காக ஒரு மகன் செய்த புண்ணியம் கணக்கில் நிற்கிறது! டுன்ஹுவாங் குகையில் அடைபட்டுக் கிடந்த இந்தச் சுருள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

ஐரோப்பாவில் அச்சிட்ட தேதியையும் அச்சிட்டவர் பெயரையும் முதன்முதலில் தாங்கிவந்தது 1457-ல் வெளியான மைன்ஸ் நகரத்து பைபிள் சங்கீதப் புத்தகம். யோஹான் ஃபுஸ்ட், பீட்டர் ஷோஃபர் இருவரின் பெயரும், ஆகஸ்ட் 14 என்ற நாளும் கடைசிப் பக்கத்தில் பெருமையாக நிற்கின்றன. கை பேனா எதுவும் இல்லாமல் புதிய கண்டுபிடிப்பால் ஆன நூல் என்ற மார்தட்டலும் உண்டு. ஆனால், அந்தக் குறிப்பின் இரண்டாவது சொல்லைப் பாருங்கள்: ‘ப்ஸல்மோரும்’ என்று ‘ப்’ முன்னும் ‘ஸ்’ பின்னும் வர வேண்டிய எழுத்துகள் இடம்மாறி, ‘ஸ்பல்மோரும்’ என்று விழுந்திருக்கிறது! ஐரோப்பாவின் முதல் அச்சுக் காலஃபனிலேயே அச்சுப்பிசாசும் கையெழுத்துப் போட்டுவிட்டது!

‘பிளர்ப்’ ஒரு பெண்ணின் பெயர்!

புத்தகத்தின் அட்டையில் ‘ஆஹா, ஓஹோ’ என்று புகழ்ந்து நாலு வரி இருக்குமே, அதுதான் பிளர்ப். 1907-ல் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் விருந்தில், கெலெட் பர்ஜஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர் தன் புத்தகத்துக்கு ஒரு கேலி அட்டை போட்டுக் கொடுத்தார். அதில் வாய்க்கு அருகே கை வைத்துக் கூவும் ஒரு யுவதியின் படம். அவளுக்கு அவர் வைத்த கற்பனைப் பெயர் மிஸ் பெலிண்டா பிளர்ப். விருந்து முடிந்தது, பெயர் மட்டும் முடியவில்லை!

பெயர் வருவதற்கு முன்பே வேலை நடந்திருக்கிறது. கவிஞர் வால்ட் விட்மனைப் பாராட்டி எழுத்தாளர் எமர்சன் ஒரு தனிப்பட்ட கடிதம் எழுதினார். விட்மன் அனுமதி எல்லாம் கேட்கவில்லை. 1856-ல் வந்த ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ இரண்டாம் பதிப்பில், அந்தக் கடிதத்தின் ஒரு வரியைப் புத்தக முதுகில் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார். எப்படி!

கவிதைக்குள் ஏர் ஓடுகிறது!

‘வெர்ஸ்’ என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் ‘வெர்சுஸ்’: திரும்புதல். உழுசால் ஓட்டிப்போய் வரப்பு வந்ததும் ஏரைத் திருப்புகிறோம் அல்லவா, அந்தத் திருப்பம்! வரி முடிந்ததும் கவிஞர் திரும்புகிறார், அது வெர்ஸ். திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருப்பது ‘புரோஸ்’. அதன் லத்தீன் மூலத்துக்கே ‘நேராக முன்னே’ என்றுதான் பொருள். பழங்கிரேக்கர்கள் சில கல்வெட்டுகளில் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும், அடுத்ததை வலமிருந்து இடமாகவும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். அதன் பெயர் ‘எருது திரும்பும் வாக்கில்’ எழுதுவது!

‘ஸ்டான்ஸா’ இத்தாலிய மொழியில் அறை. நாலைந்து வரிகள் சேர்ந்து குடியிருக்கும் அறை! தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ இன்னும் பெரிய மாளிகை. அதன் பகுதிகளுக்கு ‘கான்டோ’, அதாவது பாட்டு, என்று பெயர். நரகத்துக்கு 34, உத்தரிக்கும் தலத்துக்கு 33, சொர்க்கத்துக்கு 33. கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக 100!

கூடாரம், ஏணி, முடிச்சு!

கிரேக்க நாடகத்தில் நடிகர்கள் வேஷம் மாற்ற அரங்கின் பின்னால் ஒரு கூடாரம் இருக்கும். அதன் பெயர் ‘ஸ்கேனே’. நம்முடைய ‘சீன்’ அங்கிருந்துதான் கிளம்பியது! அரங்கின் முன்னால் கோரஸ் குழுவினர் ஆடிய வட்டத்துக்கு ‘ஆர்கெஸ்ட்ரா’ என்று பெயர். ஆடும் இடம் என்பதே பொருள். இன்று ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், ஆடுவது நாம்! கோரஸின் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நடிகர்கள் வந்து பேசிவிட்டுப் போகும் பகுதிதான் ‘எபிசோட்’. பாட்டுக்கு நடுவே இட்டு நிரப்பியது, இன்று தொலைக்காட்சியையே நிரப்புகிறது.

‘கிளைமாக்ஸ்’? கிரேக்கத்தில் ஏணி! படிப்படியாக ஏறும் பேச்சுக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு ஏறி முடித்த உச்சிக்கே அது போய்விட்டது. அதற்குப் பிறகு வருவது ‘டெனுமோன்’: பிரெஞ்சில் முடிச்சை அவிழ்ப்பது. கதை என்பது முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதும்தான் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். நம் கதை விவாத அறைகளிலும் ‘முடிச்சு எங்கே?’ என்றுதானே கேட்கிறார்கள்!

ரஃபேல் வரைந்த கார்ட்டூன்!

மறுமலர்ச்சிக்கால மேதை ரஃபேல், போப்பாண்டவருக்காகக் கார்ட்டூன் வரைந்தார் என்றால் சிரிப்பீர்கள். ஆனால், நிஜம்! ‘கார்ட்டோனே’ என்றால் இத்தாலியத்தில் தடித்த தாள். சுவரோவியமோ திரைச்சீலையோ செய்வதற்கு முன் அசல் அளவிலேயே தாளில் வரைந்துகொள்ளும் மாதிரிப் படம்தான் கார்ட்டூன். சுவரோவியம் என்றால் கோடுகளின் மேல் ஊசியால் துளைகள் போட்டு, தாளைச் சுவரில் ஒட்டவைத்து, கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். கோல அச்சில் மாவு தட்டுவதுபோல, புள்ளி புள்ளியாகப் படம் சுவரில் இறங்கிவிடும்.

ரஃபேல் 1515, 1516 வாக்கில் வரைந்தவை நெசவாளிகளுக்காக. சிஸ்டைன் சிற்றாலயத்தில் தொங்கவிடும் திரைச்சீலைகள் வேண்டும் என்று போப் பத்தாம் லியோ கேட்டிருந்தார். 3 மீட்டருக்கு மேல் உயரமான அந்தப் படங்கள் பிரஸ்ஸல்ஸ் தறிகளுக்குப் போயின. போன இடத்தில் அவற்றை நீளநீளக் கீற்றுகளாக வெட்டினார்கள்! தறியின் அடியில் கீற்றை வைத்து, பார்த்துப் பார்த்து நெய்தார்கள். நெசவாளி நெய்வது துணியின் பின்பக்கத்தை. அதனால் முடிந்த திரைச்சீலையில் இடம் வலமாக மாறிவிடும் என்று கணக்குப் போட்டு, ரஃபேல் முழுவதையும் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியே வரைந்திருந்தார். அவற்றில் ஏழு படங்கள் மட்டும் தப்பின. கீற்றுகளைப் பிறகு ஒட்டிச் சேர்த்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

சரி, கேலிச்சித்திரம் எங்கே நுழைந்தது? 1834-ல் தீயில் அழிந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் புதிதாகக் கட்டியபோது, சுவரோவியங்களுக்கான கார்ட்டூன்களை 1843-ல் கண்காட்சி வைத்தார்கள். ஊரில் ஏழைகள் பட்டினி கிடக்க, இவர்களுக்கு ஓவியமா என்று ‘பஞ்ச்’ பத்திரிகைக்குக் கோபம். ‘இதோ எங்கள் கார்ட்டூன்’ என்று ஜான் லீச் வரைந்த நையாண்டிப் படத்தைப் போட்டது. அன்று திரும்பிய அர்த்தம்தான் இன்றுவரை!

வியர்வைத் துளிக்கும் பெயர் உண்டு!

காமிக்ஸில் பயந்தவன் தலையைச் சுற்றிப் பறக்கும் வியர்வைத் துளிகள் ‘புளூட்ஸ்’. ஓடுகிறவன் காலடியில் கிளம்பும் புழுதி ‘பிரிஃபிட்’. பலகாரத்திலிருந்து நெளிந்து வரும் வாசனைக் கோடு ‘வாஃப்டரம்’. கெட்ட வார்த்தைக்குப் பதில் வரும் #@$%! குறிகள் ‘கிராலிக்ஸ்’. எல்லாம் ‘பீட்டில் பெய்லி’ படக்கதையைப் படைத்த மார்ட் வாக்கர் சூட்டியவை! 1980-ல் இவற்றுக்கென்றே ஒரு குறும்பு அகராதியும் போட்டார். விளையாட்டாக வைத்த பெயர்களில் கிராலிக்ஸ் உண்மையான அகராதிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

ஆல்பம் என்று ஏன் சொல்கிறோம்?

ஒரே ஒரு வட்டத்தட்டு. அதை ஏன் ஆல்பம் என்கிறோம்? நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடப் பாட்டுதான் கொள்ளும். ஒரு சிம்பொனி முழுக்க வேண்டும் என்றால் பல தட்டுகள் தேவை. அவற்றைக் காகித உறைகளில் செருகி, போட்டோ ஆல்பம் மாதிரியே அட்டை போட்டு பைண்டு செய்து விற்றார்கள். 1948-ல் கொலம்பியா நிறுவனத்தின் எல்.பி. தட்டு வந்து, அத்தனையும் ஒரே தட்டில் அடங்கியது. பைண்டு போனது, பெயர் போகவில்லை. இன்று தட்டும் போய்விட்டது, ஆல்பம் மட்டும் செல்போனுக்குள் பத்திரமாக இருக்கிறது!

7 நொடி... ஆயிரக்கணக்கான பாட்டுகள்!

மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் தனியே பேசும் இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். 1969-ல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு ஓர் இசைத்தட்டு போட்டது. முன்பக்கப் பாட்டு ஹிட்டாகி கிராமி விருதும் வாங்கியது. பின்பக்கத்தில், அதாவது ‘பி சைடு’ என்பார்களே அதில், ‘ஆமென் பிரதர்’ என்று வெறும் வாத்திய இசை. அதன் நடுவே கிரெகரி கோல்மன் சுமார் 7 நொடி டிரம்ஸ் வாசித்தார். அவ்வளவுதான்!

1980-களில் ஹிப் ஹாப் கலைஞர்கள் அந்த 7 நொடியை வெட்டி எடுத்து, ஒட்டி, சுழற்றி, வேகம் கூட்டினார்கள். பிரிட்டனில் 1990-களில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று புது இசை வகைகளே இதன்மேல் எழுந்தன. ஆயிரக்கணக்கான பாட்டுகள்! ஆனால், வாசித்த கோல்மனுக்கு ராயல்டியாக ஒரு காசு வரவில்லை. 2006-ல் காலமானார். 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் சுமார் 24,000 பவுண்டு திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள்.

முன்னால் ஓடும் பின்னால்!

‘டிரெய்லர்’ என்றால் பின்னால் இழுபட்டு வருவது. படத்துக்கு முன்னால் போடுவதற்கு ஏன் இந்தப் பெயர்? முதலில் படம் முடிந்த பிறகுதான் போட்டார்கள்! ‘சுபம்’ வந்ததும் கூட்டம் எழுந்து போய்விடுகிறது என்று தெரிந்ததும் முன்னால் கொண்டுவந்தார்கள். பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள்.

‘கிளிஃப்ஹேங்கர்’ என்றால் மலை விளிம்பில் தொங்குவது. தாமஸ் ஹார்டி 1872-73-ல் எழுதிய ‘எ பேர் ஆஃப் புளூ ஐஸ்’ தொடர்கதையில் நாயகனை நிஜமாகவே செங்குத்துப் பாறையில் தொங்கவிட்டார்! நாயகி தன் உள்ளாடைகளைக் கிழித்துக் கயிறாக்கிக் காப்பாற்றுகிறாள். சொல் பரவலானது 1930-களில், அமெரிக்கத் தொடர்படங்களின் காலத்தில்.

‘மெக்கஃபின்’ இயக்குநர் ஹிட்ச்காக் பிரபலமாக்கியது. ரகசிய ஃபைல், வைரம், ஃபார்முலா என்று கதையில் எல்லோரும் எதையாவது துரத்துவார்களே, அது. அது என்ன பொருள் என்பது ரசிகருக்கு முக்கியமே இல்லை, துரத்தல்தான் முக்கியம் என்றார் அவர்.

ஒரே அலறல், பல நூறு சாவு!

1951-ல் வந்த ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ படத்தில் சதுப்புநிலத்தில் ஒருவனை முதலை இழுக்கும். அதற்காகப் பதிவுசெய்த அலறலை ஸ்டுடியோ தன் ஒலி நூலகத்தில் போட்டுவைத்தது. 1953-ல் இன்னொரு படத்தில் வில்ஹெல்ம் என்ற சிப்பாய் அம்பு பட்டுக் கத்தும்போது அதையே எடுத்துப் போட்டார்கள். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதைத் தேடிப்பிடித்து, ‘வில்ஹெல்ம் அலறல்’ என்று பெயரும் வைத்து, 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் சேர்த்தார். அதன்பின் ஒலிக்கலைஞர்களுக்குள் அது ஒரு ரகசிய விளையாட்டே ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான படங்களில் அதே தொண்டை!

ஒளித்துவைத்த கையெழுத்து!

வீடியோ கேமிலும் படத்திலும் ஒளித்துவைக்கும் சங்கதிக்கு ‘ஈஸ்டர் எக்’ என்று பெயர் வந்த கதையைக் கேளுங்கள். அட்டாரி நிறுவனம் அந்நாளில் கேமை உருவாக்கியவரின் பெயரை எங்கும் போடாது. வாரன் ராபினெட் தன்னந்தனியாக உருவாக்கிய ‘அட்வெஞ்சர்’ 1980-ல் கடைக்கு வந்தது. அதற்குள் ஒரு திருட்டு வேலை செய்திருந்தார். இருட்டுப் பாதைகளில் தேடினால் ஒரே ஒரு பிக்ஸல் அளவில் புள்ளி கிடைக்கும். அதைக் குறிப்பிட்ட அறைக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே போனால் பளிச் பளிச்சென்று மின்னும், ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’!

முதலாளிகளுக்குத் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டான். நீக்கிவிடலாம் என்றுதான் பேச்சு எழுந்தது. ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் முட்டை தேடுவார்களே, அப்படி இருக்கட்டும் என்று சொல்லித் தடுத்தார் அங்கிருந்த அதிகாரி ஸ்டீவ் ரைட். பெயரும் நிலைத்தது.

அப்பா அம்மாவுக்காகச் சுருள் அச்சிடச் செய்த வாங் ஜியேவுக்குக் காலஃபன் கிடைத்தது. ராபினெட் தன் பெயரைத் தானே ஒளித்துவைத்தார். கோல்மனின் பெயரை 7 நொடியைச் சுழற்றியவர்கள் பலர் கேட்டதுகூட இல்லை. ஆகவே வாசகர்களே, அடுத்த முறை புத்தகம் எடுத்தால் யார் அச்சிட்டது, யார் அட்டை வரைந்தது என்ற பக்கத்தையும் படியுங்கள். பாட்டுக் கேட்டால் தபேலா யார், வயலின் யார் என்று தேடுங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பைக் சாவியைத் தேடாமல் இரண்டு நிமிடம் உட்காருங்கள். உழைத்தவருக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அதுதான்!